ஹோட்டல் சுவருக்கு வரைந்து கொடுக்கும் வேலை: எடுக்கலாமா?

கேள்வி, 3 மார்ச் 2024

என் மகள் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். புதிதாகக் கட்டும் ஒரு ஹோட்டலில் அறைகளுக்குப் படங்களும் வரவேற்புக் கூடத்துக்கு ஒரு பெரிய படமும் கேட்டிருக்கிறார்கள். அவளுக்குப் பாடம் எடுத்த ஒருவர், அது அலங்கார வேலை, அந்தப் பக்கம் போனால் ஓவியராகத் திரும்ப முடியாது என்று சொல்லிவிட்டார். வீட்டில் பணம் தேவைதான். இந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது உள்ளதைச் சொல்லுங்கள்.

3 மார்ச், இரவு

எடுக்கச் சொல்லுங்கள். நான் பல வருடங்களாக இதில்தான் சாப்பிடுகிறேன், ஓவியராகவும் இருக்கிறேன்.

அந்த ஆசிரியருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் சோழமண்டலம் கலைக் கிராமத்தைத் தொடங்கினாரே, சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் அந்த மண் எப்படி வந்தது? ஓவியர்கள் மெழுகு வைத்துச் சாயம் போடும் பாட்டிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில்தான் மனை வாங்கினார்கள். பகலில் துணியில் மெழுகு ஊற்றிவிட்டு மற்ற நேரத்தில் தங்கள் ஓவியத்தை வரைந்தார்கள். எம்.எஃப். ஹுசைன் பம்பாயில் சினிமா பேனர் வரைந்தவர். நம்ம ஆதிமூலம் பத்திரிகைகளுக்குக் கோட்டோவியம் போட்டுக்கொண்டே பெரிய ஓவியராக இருந்தார். ஹோட்டல் உதாரணமே வேண்டுமென்றால் டெல்லி ஐடிசி மௌரியாவுக்குப் போய் வரவேற்புக் கூடத்தில் தலையைத் தூக்கிப் பார்க்கட்டும். கூரை முழுக்க கிருஷன் கன்னா வரைந்த ஊர்வலம். 1980களில் சில வருடங்கள் அதிலேயே கிடந்து வரைந்தார். அதை அலங்காரம் என்று ஒதுக்குகிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆனால் ஒன்று. எழுத்தில் ஒப்பந்தம் வராமல் உங்கள் மகள் தூரிகையைத் தொடக் கூடாது. அதைப் பற்றி நாளை மறுநாள் எழுதுகிறேன்.

5 மார்ச்

ஹோட்டல் என்று ஒரே ஆள் கிடையாது. கட்டடத்தின் முதலாளி ஒருவர். அதை நடத்தும் நிறுவனம் வேறு. உள் அலங்காரம் செய்யும் வடிவமைப்பாளர் மூன்றாவது ஆள். பெரிய வேலைகளில் கலை ஆலோசகர் என்று நான்காவதாக ஒருவர் இருப்பார், அவர்தான் ஓவியர்களைப் பிடித்து வருவார். உங்கள் மகளிடம் பேசியது இவர்களில் யார்? காசு கொடுக்கப் போவது யார்? படத்தை 'சரி' என்று ஒப்புக்கொள்ள வேண்டியது யார்? மூன்று கேள்விக்கும் ஒரே பதில் வராது. ஒருவருக்குப் பிடித்து, அடுத்தவர் பார்த்து, மூன்றாமவர் நிறத்தை மாற்றச் சொல்வார். கடைசியில் பணம் கேட்டால் நாலு பேரும் மற்றவரைக் கை காட்டுவார்கள்.

அதனால் ஒப்பந்தத்தில் ஒப்புதல் தரும் ஆள் ஒருவர்தான் என்று பெயரோடு எழுதி வாங்க வேண்டும். மாதிரி வரைவில் எத்தனை முறை திருத்தம் இலவசம், அதற்கு மேல் போனால் எவ்வளவு என்பதும் வேண்டும். முன்பணம் பாதி. வரைவு ஒப்புக்கொண்டதும் ஒரு பகுதி, படம் பட்டறையை விட்டுக் கிளம்பும் முன் ஒரு பகுதி, மாட்டி முடித்ததும் மிச்சம். மாட்டிய பிறகு தருகிறோம் என்று பெருந்தொகையை நிறுத்தி வைக்க விடாதீர்கள். திறப்பு விழா தள்ளிப் போனால் உங்கள் பணமும் தள்ளிப் போகும். திறப்பு விழா தள்ளிப் போகாத ஹோட்டல் அபூர்வம்.

விலையைச் சதுர அடிக் கணக்கில் கேட்பார்கள். பெரிய படத்துக்கு அப்படிச் சொல்லலாம். சின்னப் படத்துக்குச் சொன்னால் நஷ்டம், ஏனென்றால் ஒரு முகம் சின்னதாக இருப்பதால் அதற்கு உழைப்பு குறைந்துவிடாது.

5 மார்ச், கொஞ்சம் கழித்து

கேன்வாஸை இழுத்து அடிக்கும் மரச்சட்டம், வெளிச் சட்டகம், வண்டி, மாட்டும் கூலி எல்லாம் யார் தலையில் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் அது ஓவியர் தலையில்தான் வந்து விழும்.

9 மார்ச்

பதிப்புரிமை பற்றி ஒருவர் தனியாகக் கேட்டார். எல்லோருக்கும் பயன்படும், இங்கேயே எழுதுகிறேன். இது பெரும்பாலான ஓவியர்களுக்குத் தெரியாது, எனக்குக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை.

நாம் என்ன நினைக்கிறோம்? படத்தை விற்றேன், உரிமை என்னிடம் இருக்கிறது. நாமாக வரைந்து வைத்த படத்தை விற்றால் அது உண்மை. ஆனால் 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒருவர் கேட்டுக்கொண்டு, காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், அந்தக் காசு கொடுத்தவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர். அதாவது அச்சடிக்கலாம், நாட்காட்டியில் போடலாம், இன்னொரு ஊர்க் கிளைக்குப் பிரதி எடுக்கலாம். உங்களைக் கேட்க வேண்டியதில்லை.

எனக்கு நடந்தது இது. ஒரு ஹோட்டலுக்கு நெய்தல் நிலத்தை வைத்து ஒரு வரிசை செய்து கொடுத்தேன். வலை உலர்த்தும் பெண்கள், கட்டுமரம், கரையில் மீன் ஏலம். மெரினாவுக்குத் தெற்கே குப்பங்களில் விடியற்காலையில் உட்கார்ந்து போட்ட கோட்டோவியங்களிலிருந்து வந்தவை. பிறகு ஒரு நண்பர் வேறு மாநிலத்தில் தங்கிய அறையிலிருந்து கைப்பேசியில் படம் அனுப்பினார். கட்டிலுக்கு மேலே என் ஏலக்காரி. அச்சுப் பிரதி. பக்கவாட்டில் வெட்டி, சுவரின் நிறத்துக்குப் பொருந்த வேண்டுமென்று முழுவதையும் பழுப்பாக்கியிருந்தார்கள். அந்த அம்மாவின் சிவப்பு ரவிக்கைதான் அந்தப் படத்தின் உயிர். அது போய்விட்டது. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு வரி: "பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும்; இந்த ஹோட்டலில் இத்தனை பிரதிகள் அச்சிட்டு மாட்ட மட்டும் அனுமதி." அந்த எண்ணிக்கையைக் கண்டிப்பாக எழுத வேண்டும். உள்ளதைச் சொன்னால் இன்று அறைகளுக்குப் போவது பெரும்பாலும் அச்சுப் பிரதிகள்தான். மூலத்தை ஸ்கேன் செய்து நல்ல தாளில் அச்சிடுவார்கள். அதில் தப்பில்லை. பிரதி ஒவ்வொன்றுக்கும் கட்டணம் வாங்கினால் ஓவியருக்கும் நல்லதுதான்.

10 மார்ச்

சிற்பி ஒருவர் எழுதியிருக்கிறார்: அந்தப் பிரிவு தன்னையும் கட்டுப்படுத்துமா? அந்த வாசகத்தில் புகைப்படம், ஓவியம், உருவப்படம், செதுக்கு அச்சு, திரைப்படம் என்று வருகிறது. சிற்பம் அந்தப் பட்டியலில் இல்லை. சம்பளத்துக்கு வேலை செய்யும்போது செய்தது வேறு கணக்கு. இருந்தாலும் எழுதி வாங்குங்கள் ஐயா.

12 மார்ச்

இன்னொரு கேள்வி: படத்தைச் சிதைத்தால் ஒன்றுமே செய்ய முடியாதா? முடியும். அதே பதிப்புரிமைச் சட்டத்தில் 57ஆம் பிரிவு இருக்கிறது. பதிப்புரிமையை விற்ற பிறகும் படைப்பைத் தன்னுடையது என்று சொல்லும் உரிமையும், தன் பெயருக்குக் கேடு வரும்படி சிதைத்தால் கேட்கும் உரிமையும் படைத்தவரிடம் இருக்கும்.

இதற்கு நம் நாட்டில் பெரிய வழக்கு சிற்பி அமர்நாத் சேகலுடையது. டெல்லி விஞ்ஞான் பவனுக்காக 1957இல் அரசு அவரிடம் வெண்கலச் சுவர்ச் சிற்பம் கேட்டது. 140 அடி அகலம், 40 அடி உயரம். 1979இல் கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று பெயர்த்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள், துண்டு துண்டாக. அந்த மனுஷன் விடவில்லை. 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சமிருந்த துண்டுகளை அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லி, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடுத்தது. பெயர்த்தது முதல் தீர்ப்பு வரை 26 வருடம். அவருடைய பிடிவாதத்தால் நமக்கு ஒரு பிடி கிடைத்தது.

ஆனால் அதே பிரிவில் ஒரு விளக்கமும் இருக்கிறது. படைப்பைக் காட்சிக்கு வைக்காமல் இருப்பதோ, படைத்தவருக்குத் திருப்தியில்லாத மாதிரி வைப்பதோ மீறல் ஆகாது. கழற்றி நல்லபடியாகக் கிடங்கில் வைத்தால் நாம் கேட்க முடியாது. அதனால் நான் இப்போது "எடுத்துவிடுவதாக இருந்தால் முதலில் ஓவியருக்குத் தெரிவித்து, திரும்ப வாங்கிக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும்" என்று ஒரு வரி சேர்க்கிறேன். சிலர் ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொள்ளாதவர்களிடமும் கேட்டு வைப்பது நல்லது.

16 மார்ச்

வக்கீல் பேச்சு போதும். வேலைக்கு வருவோம்.

வெளிச்சம். ஹோட்டல் அறைகளில் மஞ்சள் வெளிச்சம்தான் போடுவார்கள், 2700 அல்லது 3000 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு). நாம் பகலில் ஜன்னல் ஓரம் வரைந்த நீலம் அங்கே போனதும் சாம்பலாகச் செத்துவிடும். ஆரஞ்சும் காவியும் தூக்கும். வடிவமைப்பாளரிடம் எந்த விளக்கு போடுகிறார்கள் என்று கேட்டு, அதே எல்இடி ஒன்றை வாங்கிப் பட்டறையில் மாட்டி, மாலையில் அதன் கீழே பார்த்துத் திருத்த வேண்டும். உங்கள் மகளுக்கு நான் தரும் யோசனைகளில் மிக மலிவானது இதுதான், பலன் மிக அதிகம்.

ஆயில் வேண்டாம், அக்ரிலிக். ஆயில் படம் முழுசாக உலர்ந்து வார்னிஷ் போட ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். எந்த ஹோட்டலும் அவ்வளவு பொறுக்காது. அக்ரிலிக்கிலும் ஒரு சங்கடம் உண்டு. சூட்டில் அது இளகும். மே மாதம் மூடிய வண்டியில் குமிழ்ப் பிளாஸ்டிக்கை நேரடியாகப் படத்தின் மேல் சுற்றி அனுப்பினால், போய்ச் சேரும்போது வண்ணத்தின் மேல் வட்ட வட்டமாக அச்சு விழுந்திருக்கும். முதலில் கிளாசின் தாள் (வண்ணத்தில் ஒட்டாத வழவழப்பான தாள்), அதற்கு மேல்தான் மற்றது.

பெரிய கேன்வாஸ் என்றால் அந்தக் கட்டடத்தின் சரக்கு லிஃப்ட், கதவு, படித் திருப்பம் எல்லாவற்றையும் முதலில் அளந்துவிடுங்கள். உள்ளே போகாது என்று தெரிந்தால் பெரிய குழாயில் வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டிக் கொண்டுபோய் அங்கேயே மரச்சட்டத்தில் இழுத்து அடிக்க வேண்டும். உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணம் நெரிபட்டு வெடிக்கும்.

கிழக்குக் கடற்கரைச் சாலை, புதுச்சேரி, ராமேஸ்வரம் மாதிரி கடலோர இடம் என்றால் படம் மாட்ட இரும்பு வளையம் கூடாது, எவர்சில்வர் போடுங்கள். வெளிச்சுவரில் மாட்டும் படத்தின் பின்னால் நாலு மூலையிலும் ரப்பர் குமிழ் ஒட்டிக் காற்று போக இடம் விடுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் பின்புறம் பூசணம் பிடித்துவிடும்.

17 மார்ச்

தஞ்சாவூர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார், பலகைப் படங்களுக்கும் இதே கதையா என்று. உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: செலவைக் குறைக்கத் தங்க ரேக்குக்குப் பதில் பித்தளை ரேக்கு போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது கறுக்கும். கறுத்த பிறகு ஹோட்டல்காரர் பித்தளை கேட்டது நான்தான் என்று சொல்ல மாட்டார். தஞ்சாவூர் ஓவியம் இப்படித்தான் என்று ஊருக்கே பெயர் கெடும்.

24 மார்ச்

என்ன வரையச் சொல்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கோபுரம், பரதநாட்டியப் பெண், காளை, தாமரை. "உள்ளூர் அடையாளம் வேண்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளூரில் இல்லாத ஒருவர் மாதிரிப் படங்களைத் தொகுத்து அனுப்புவார்.

மதுரையில் ஒரு வேலைக்கு எனக்கு வந்த தொகுப்பில் கதகளி முகமும் படகு வீடும் இருந்தன. நான் மறுத்து ஒரு வரிகூட எழுதவில்லை. சுங்குடிப் புடவை இரண்டு வாங்கிக்கொண்டு நேரில் போய் மேசையில் விரித்தேன். சௌராஷ்டிரர் வீடுகளில் விரலால் துணியைக் கிள்ளி நூலால் முடிந்து சாயம் போடுவார்கள். அதனால் அந்தப் புள்ளிகளில் ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. அந்தப் புள்ளியை மட்டும் வைத்து அறைக்கு அறை வேறு படம் தருகிறேன் என்று சொன்னேன். அந்த வடிவமைப்பாளர் அம்மா நல்ல ரசனைக்காரர், துணியைத் தடவிப் பார்த்தபடி வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கதகளியைப் பற்றி யாரும் பேசவில்லை.

இது சாதாரண விஷயம் இல்லை. மதுரைக்கு வந்து ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகிறவர் கண்ணில் எது படும் என்பதை அன்றைக்கு ஒரு ஓவியர் தீர்மானிக்க முடிந்தது. காட்சிக்கூடத்தில் என் படத்தைப் பார்க்க வருகிறவர்கள் ஏற்கெனவே ஓவியம் பார்க்கப் பழகியவர்கள். ஹோட்டல் அறையில் மருந்து விற்பனைப் பிரதிநிதி பார்க்கிறார், கல்யாணத்துக்கு வந்த பாட்டி பார்க்கிறார். அவர்களுக்கும் நல்ல படம் சேர வேண்டும். அதற்காகத்தான் இந்த வேலையை நான் விடவில்லை.

2 ஏப்ரல்

ஒருவர், "ரோத்கோ மாதிரி மறுக்கத் தெரிய வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். நியாயமான பேச்சு. நியூயார்க் சீக்ராம் கட்டடத்தின் ஆடம்பர உணவகத்துக்காக 1958இல் அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோ பெரிய படங்களை ஒப்புக்கொண்டார். பல படங்கள் வரைந்த பிறகு அங்கே போய்ச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, இந்த இடத்தில் என் படம் தொங்காது என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவற்றில் ஒன்பது இன்று லண்டன் டேட் கூடத்தில் இருக்கின்றன.

எனக்கு இதைவிடப் பிடித்தது தீகோ ரிவேராவின் கதை. அவர் மறுக்கவில்லை. மெக்சிகோ நகரில் ஹோட்டல் டெல் பிராதோவுக்காக 1947இல் 15 மீட்டருக்கும் நீளமான சுவரோவியம் வரைந்தார், அலமேதா பூங்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெக்சிகோவின் சரித்திரமே அதில் உலாவும். அதில் ஒருவர் கையில் "கடவுள் இல்லை" என்று எழுதிய தாள். பெரிய ரகளை. ஹோட்டல் படத்தை வருடக்கணக்கில் மூடி வைத்தது. 1956இல் அவரே அந்த வாசகத்தை அழித்தார். 1985 நிலநடுக்கத்தில் ஹோட்டல் சேதமாகி இடிக்க வேண்டி வந்தது. ஓவியச் சுவரை மட்டும் பெயர்த்துப் பக்கத்திலேயே அதற்கென்று ஓர் அருங்காட்சியகம் கட்டி வைத்தார்கள். ஹோட்டல் போய்விட்டது, அதற்கு வரைந்த படம் இருக்கிறது.

3 ஏப்ரல்

நேற்று எழுதியதை யோசித்துப் பார்த்தேன். ரோத்கோவால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. நம்மில் பலருக்கு முன்பணம் கேன்வாஸாகவும் வாடகையாகவும் மாறியிருக்கும். அதனால் மறுப்பதாக இருந்தால் முன்பணம் வாங்கும் முன் மறுக்க வேண்டும். அந்த இடத்தைப் போய்ப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். கட்டடம் பாதிதான் எழுந்திருந்தாலும் பரவாயில்லை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு போய்ப் பார்க்கட்டும்.

20 ஏப்ரல்

பணம் வரவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். உத்யம், அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு, செய்துகொண்டீர்களா? இணையத்தில் இலவசம். ஆதாரும் பான் எண்ணும் போதும். ஓவியர் குறுந்தொழில் என்று பதிவு செய்யலாம். 2006ஆம் வருடக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டி. அரசின் இணையதளத்தில் புகார் போடலாம். வருமான வரிச் சட்டத்திலும் 2024 ஏப்ரல் 1 முதல் ஒரு விதி அமலுக்கு வந்தது. கெடு தாண்டிய பாக்கியை, கொடுக்கும் வரை அவர்கள் செலவுக் கணக்கில் காட்ட முடியாது. இது கணக்குப் பிரிவுக்கு வலிக்கும். என் அனுபவத்தில், ரசீதில் உத்யம் எண்ணை அச்சடிக்க ஆரம்பித்த பிறகு கணக்குப் பிரிவின் குரலே மாறிவிட்டது.

டிடிஎஸ்ஸையும் (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி) பாருங்கள். தொழில்முறைக் கட்டணம் என்று எழுதினால் 10 சதவீதம் பிடிப்பார்கள், ஒப்பந்தப் பணி என்றால் தனிநபருக்கு 1 சதவீதம். எதுவானாலும் வரி பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

11 மே

முதலில் கேள்வி கேட்ட அப்பா எழுதியிருக்கிறார்: வேலை கிடைத்துவிட்டது, பதிப்புரிமை வரிக்கு முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு கையெழுத்துப் போட்டார்கள். மிகவும் சந்தோஷம். மாதிரி அறைக்கு முதல் படங்கள் போயிருக்கின்றனவாம். இப்போது மகளுக்கு ஒரே மாதிரி வரைந்து அலுப்பு வந்துவிட்டது என்கிறார்.

வரும் தங்கச்சி. ஒரு வரிசையில் முதல் சில படங்கள் உயிரோடு வரும், நடுவில் கை மட்டும் ஓடும், மனசு இருக்காது. நான் அப்போது படத்தின் அளவை மாற்ற மாட்டேன், கருவியை மாற்றுவேன். தூரிகையை வைத்துவிட்டு மூங்கில் குச்சி, பழைய துணி, கத்தி. பாட்டு கச்சேரியில் ஒரே பல்லவியைச் சுற்றிச் சுற்றி நிரவல் பாடுகிறார்களே, அங்கே சொல் மாறுவதில்லை, ஆனாலும் நமக்கு அலுப்பதில்லை. அந்தச் சுதந்திரத்தை எடுத்துக்கொள். மாதிரி அறையில் ஒப்புக்கொண்ட நிறத்தையும் அளவையும் மட்டும் தாண்டாதே.

இன்னொன்று. வாரத்தில் ஒரு நாளாவது யாரும் கேட்காத படத்தை வரை. நெய்தல் வரிசையே அப்படி வந்ததுதான். யாரும் கேட்காமல் குப்பத்தில் போட்ட கோடுகளைப் பார்த்துத்தான் அந்த ஹோட்டல் என்னைத் தேடி வந்தது.

9 ஜூன்

சாமி படம் பற்றி. வரவேற்புக் கூடத்துக்கு ஒரு லட்சுமி செய்து கொடுத்தேன். அடுத்த முறை போனபோது கண்ணாடிக்கு மேல் சந்தனம், குங்குமம், பக்கத்தில் சின்ன விளக்கு. வீட்டுப் பராமரிப்பு வேலை பார்க்கும் அக்காக்கள் காலையில் வேலை தொடங்கும் முன் செய்கிறார்களாம். மேலாளருக்குச் சங்கடம். என்னிடம் வருத்தப்பட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விளக்கை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னேன், புகை படிந்துவிடும்.

இதனாலேயே சாமி படத்தைக் கழிப்பறைச் சுவருக்கும் கால் நீட்டும் திசைக்கும் நான் தருவதில்லை. தளவரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துத்தான் தருவேன்.

28 ஜூலை

மாட்டும் நாள் வந்துவிட்டது என்று அப்பா எழுதியிருக்கிறார், என்னென்ன கவனிக்க வேண்டும் என்று. பெரும்பாலும் ராத்திரியில்தான் விடுவார்கள், பகலில் தச்சரும் மின்காரரும் இருப்பார்கள். தூசு அடங்காத இடத்தில் படத்தைப் பிரிக்க வேண்டாம். கட்டில் தலைமாட்டுப் படங்களுக்குத் திருகி இறுக்கும் பூட்டுக் கொக்கி வேண்டும், கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு. தூங்குகிறவர் தலையில் விழக் கூடாது. மாட்டியதும் ஒவ்வொன்றையும் அறை எண்ணோடு புகைப்படம் எடுக்கட்டும். முன்பக்கம் கையெழுத்து, பின்பக்கம் பெயர், வருடம், ஊடகம், பராமரிப்புக் குறிப்பு: ஈரத் துணி, கண்ணாடி துடைக்கும் திரவம் இரண்டும் கூடாது. பெரிய படத்துக்குப் பக்கத்தில் பெயர்ப்பலகை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது அல்லவா, அது வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல இடங்களில் அதை மட்டும் மறந்துவிடுவார்கள். வந்திருக்காவிட்டால் ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போடும் முன் "பெயர்ப்பலகை பாக்கி" என்று அவள் கையாலேயே எழுதட்டும்.